நாய்க்குத் தழை மருந்து: எது ஆகும், எது ஆகாது



நாய் இல்லாத ஊர் உண்டா? நம் நாட்டில் கிடைப்பது அரிது. வயலுக்குக் காவல் நாய். கோழிக்கூண்டுக்குக் காவல் நாய். இமாசலப் பிரதேசத்து மலை இடையர்கள் ஆட்டு மந்தையோடு பெரிய நாய்களைக் கூட்டிச் செல்கிறார்கள். அந்த நாய்களின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவார்கள். சிறுத்தை வந்தால் முதலில் கழுத்தைத்தான் கவ்வும். அதற்காக அந்தப் பட்டை.

இப்படி உழைக்கும் நாய்க்கு நோய் வந்தால் என்ன செய்கிறார்கள்? மாட்டுக்கு நோய் என்றால் உடனே ஓடுவார்கள். மாடு பால் தரும், விலை போகும். நாய்க்கு யார் ஓடுவார்? மருந்தகம் தூரம். பேருந்தில் நாயை ஏற்றமாட்டார்கள். ஆட்டோவுக்குக் காசு வேண்டும். அதனால் வீட்டில் இருப்பதை வைத்துப் பார்க்கிறார்கள். வேப்பிலை, மஞ்சள், எண்ணெய், கற்பூரம், சுண்ணாம்பு. யார் என்ன சொன்னாலும் அதைப் பூசிப் பார்க்கிறார்கள்.

இதில் பாதி நல்லது. பாதி கெட்டது. எந்தப் பாதி நல்லது என்று தெரிய வேண்டும். அதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நல்ல பாதியைப் பார்க்கலாம்.

நாய் ஓயாமல் சொறிகிறது. தோல் சிவந்திருக்கிறது. புண் இன்னும் பெரிதாகவில்லை. இதற்கு வேப்பிலைத் தண்ணீர் நல்லது. ஐந்து லிட்டர் தண்ணீரில் இரண்டு கைப்பிடி வேப்பிலை போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். தண்ணீர் பச்சையாக மாறும். நன்றாக ஆற விட வேண்டும். நாயைக் குளிப்பாட்டிய பின், கடைசியாக இந்தத் தண்ணீரை மேலே ஊற்ற வேண்டும். கண்ணில் படக்கூடாது. வாரம் இரண்டு முறை போதும். அரிப்பு கொஞ்சம் அடங்கும்.

சின்னக் காயம் என்றால் முதலில் கழுவ வேண்டும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கரைத்தால் போதும். அதில் சுத்தமான துணியை நனைத்துக் காயத்தைத் துடைக்கலாம். பிறகு மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மெல்லப் பூசலாம். கடையில் விற்கும் மஞ்சள் தூளில் சாயம் கலந்திருக்கலாம். வீட்டில் இடித்த மஞ்சள் நல்லது.

வேப்பிலைக்கும் மஞ்சளுக்கும் உள்ள குணம் வெறும் பேச்சு இல்லை. 1992இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிரங்கு பிடித்த 814 பேருக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த பசையைப் பூசிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 97 பேருக்கு 3 முதல் 15 நாட்களுக்குள் குணம் ஆனது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 814 பேரும் மனிதர்கள். பூசியதை அவர்கள் நக்கவில்லை.

நாய் நக்கும். நாயின் உடம்பில் எதைப் பூசினாலும் அதில் ஒரு பங்கு வயிற்றுக்குள் போகும். நாய்க்கு வெளிப்பூச்சு என்று தனியாக ஒன்றும் கிடையாது. பூசுவதெல்லாம் பாதி உள்மருந்து.

அதனால் மருந்து பூசினால், நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பிளாஸ்டிக் வாளி போதும். வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றி, நாயின் கழுத்தில் மாட்டிக் கட்டலாம். தலை உள்ளே இருக்கும். உடம்பை நக்க முடியாது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நாய்க்குப் பிடிக்காது. ஆனாலும் வேலை நடக்கும்.

இனி சொறி. தெருவில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, யானைத் தோல் போல ஆன நாய்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் சொறி என்றே சொல்கிறோம். ஆனால் அது ஒரே நோய் இல்லை.

ஒரு வகைச் சொறியில், கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டி வாழும். காது ஓரத்திலும் முழங்கையிலும் முதலில் தெரியும். அரிப்பு தாங்காது. இது மற்ற நாய்க்கு ஒட்டும். தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் சில நாள் அரிப்பு வரும். இன்னொரு வகையில் பூச்சி மயிர்க்காலுக்குள் இருக்கும். குட்டிக்குக் கண்ணைச் சுற்றி மயிர் கொட்டும். அரிப்பு அதிகம் இருக்காது. இது மனிதருக்கு ஒட்டாது. மூன்றாவது, படர்தாமரை. வட்ட வட்டமாக மயிர் போகும். இது பூச்சியே இல்லை, பூஞ்சை. இது மனிதருக்கு நன்றாக ஒட்டும்.

மூன்றும் பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். கால்நடை மருத்துவர் தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துச் சொல்வார். வேப்பெண்ணெய் முதல் வகைக்குக் கொஞ்சம் உதவும். மயிர்க்காலுக்குள் இருக்கும் பூச்சிக்கு அது எட்டாது.

வேப்பெண்ணெயை அப்படியே பூசக்கூடாது. ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்குப் பத்துப் பங்கு தேங்காய் எண்ணெய் கலக்க வேண்டும். முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் பூசி ஒரு நாள் பார்க்க வேண்டும். சிவக்கவில்லை என்றால் சொறி உள்ள இடத்தில் பூசலாம். அரை மணி நேரம் கழித்துக் கழுவிவிட வேண்டும். மூன்று மாதம் ஆகாத குட்டிக்கும், சினை நாய்க்கும் வேண்டாம். வாய்க்குள் ஊற்றவே கூடாது. வேப்பெண்ணெய் குடித்து மனிதக் குழந்தைகளே வலிப்பு வந்து இறந்திருக்கிறார்கள்.

சொறி நாய்க்கு ஊர் ஊராக ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். வண்டியில் இருந்து எடுத்த பழைய எஞ்சின் ஆயில். பட்டறையில் சும்மா கிடைக்கும். கறுப்பாக இருக்கும். அதை நாயின் மேல் தேய்த்துவிடுவார்கள். எண்ணெய் மூடியதும் சில பூச்சிகள் மூச்சு முட்டிச் சாகலாம். உடனே "பார், குணமாகிறது" என்பார்கள். நாய் அந்த எண்ணெயை நக்கும். அதில் எஞ்சினுக்குள் தேய்ந்த உலோகமும், எரிந்த கழிவும் இருக்கும். தோல் வெந்துபோகும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். பத்து நாள் கழித்து நாய் செத்தால், "சொறி முற்றிவிட்டது" என்பார்கள். செத்தது சொறியால் இல்லை.

தரை துடைக்கும் பினாயிலும் அப்படித்தான். மண்ணெண்ணெயும் அப்படித்தான். புகையிலைத் தண்ணீரும் அப்படித்தான். புகையிலையில் உள்ளது நிக்கோட்டின் என்னும் நஞ்சு. சீத்தாப்பழ விதைப் பொடி பேனைக் கொல்லும். உண்மைதான். கண்ணில் பட்டால் கண்ணையும் கெடுக்கும்.

அடுத்தது மிக முக்கியம். இலை வேறு. இலையில் இருந்து வடித்த தைலம் வேறு.

நீலகிரித் தைலம் எல்லாருக்கும் தெரியும். அந்த மரம் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது. நீலகிரி மலையில் நட்டார்கள். அதனால் வட நாட்டிலும் அந்தத் தைலத்துக்கு நீலகிரி என்றே பெயர். தைலத்தை எப்படி எடுக்கிறார்கள்? பெரிய கொப்பரையில் தழையைத் திணிக்கிறார்கள். கீழே நீராவி விடுகிறார்கள். ஆவி தழைக்குள் புகுந்து, அதில் உள்ள எண்ணெயையும் தூக்கிக்கொண்டு குழாய் வழியே போகும். குழாயைக் குளிர்ந்த நீரில் வைத்திருப்பார்கள். ஆவி தண்ணீர் ஆகும். தண்ணீருக்கு மேலே எண்ணெய் மிதக்கும். சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோத்து நிற்பது போலத்தான்.

நூறு கிலோ தழையை வடித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ தைலம் வரும். அவ்வளவுதான். அப்படி என்றால் ஒரு கரண்டி தைலத்தில் எவ்வளவு தழை இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். துளசி இலையை நாய் மென்றால் ஒன்றும் ஆகாது. துளசித் தைலம் ஒரு கரண்டி உள்ளே போனால் ஆபத்து. கிராம்புத் தைலம், புதினாத் தைலம், எலுமிச்சைப்புல் தைலம், கற்பூரத் தைலம் எல்லாம் இப்படியே.

இப்போது நகரங்களில் டீ ட்ரீ ஆயில் என்று சின்னப் பாட்டிலில் விற்கிறார்கள். பெயரில் தேயிலை இருக்கிறது. ஆனால் நாம் குடிக்கும் தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதுவும் ஆஸ்திரேலிய மரம். உண்ணிக்கு நல்லது, சொறிக்கு நல்லது என்று நாயின் மேல் அப்படியே ஊற்றுகிறார்கள். அமெரிக்காவில் விலங்குகளுக்கான நஞ்சு உதவி மையம் ஒன்று இருக்கிறது. அங்கே 2002 முதல் 2012 வரை வந்த கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கலப்பில்லாத டீ ட்ரீ ஆயிலால் துன்பப்பட்டவை 443. அதில் நாய்கள் 337, பூனைகள் 106. எச்சில் ஒழுகியது. கால் தள்ளாடியது. உடம்பு நடுங்கியது. சில மணி நேரத்திலேயே தொடங்கியது. சிலவற்றுக்கு மூன்று நாள் வரை நீடித்தது.

ஏன் நாய்க்கு இவ்வளவு கேடு? அதன் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. மருந்து எளிதில் உள்ளே போகும். உடம்பும் சிறியது. பத்துக் கிலோ நாய்க்குப் பத்துச் சொட்டு என்பது, அறுபது கிலோ மனிதருக்கு அறுபது சொட்டு. மூக்கு இன்னொரு காரணம். மனித மூக்கில் மணம் அறியும் அணுக்கள் சுமார் 50 லட்சம். நாயின் மூக்கில் அது பத்துக் கோடியைத் தாண்டும். நமக்கு இதமான வாசனை நாய்க்கு அடிபோல இருக்கும். தைலம் தடவிய நாய் மூக்கை மண்ணில் தேய்ப்பதும், மூலையில் போய் ஒளிவதும் இதனால்தான். "மருந்து வேலை செய்கிறது" என்று எண்ணிவிடக் கூடாது.

பூனை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். இந்தத் தைலங்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. நாய்க்குப் பூசியதைப் பூனை நக்கினாலும் கேடு.

தைலம் தெரியாமல் பட்டுவிட்டால் என்ன செய்வது? பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் உடனே கழுவ வேண்டும். வெறும் தண்ணீரில் எண்ணெய் போகாது. குடித்துவிட்டது என்றால், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பாட்டிலையும் எடுத்துப் போக வேண்டும். பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது உங்களுக்கே படிக்கத் தெரியும். "வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால், அது நாய்க்கும் சேர்த்து எழுதியதுதான்.

அப்படி என்றால் தைலமே ஆகாதா? ஆகும். அளவும் இடமும் தெரிந்தவர் கையில் ஆகும். இமயமலைப் பக்கம் தேவதாரு மரத்தின் எண்ணெயைக் கால்நடைகளின் சொறிக்கும், பூச்சி அண்டாமல் இருக்கவும் பூசுகிறார்கள். ஆடுகளில் ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். தேவதாரு, வேம்பு, புங்கம் சேர்ந்த களிம்புகள் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் கலப்பு அளவு தெரிந்து சேர்த்திருக்கிறார்கள். பாட்டில் தைலத்தை வாங்கி வீட்டில் கலப்பதைவிட அது மேல்.

பைன் மரப் பிசினை வடித்தால் டர்பன்டைன் கிடைக்கும். அதுவும் மரத்தின் தைலமே. புழு வைத்த புண்ணுக்கு அதைக் கால்நடை மருந்தகங்களில் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தார்கள். மழைக்காலத்தில் ஈ புண்ணில் முட்டை இடும். ஒரே நாளில் புழு நெளியும். மருத்துவர் பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, புண்ணின் குழிக்குள் வைப்பார். மூச்சு முட்டிப் புழு வெளியே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார். இதைப் பார்த்த ஒருவர் வீட்டில் போய் அரைப் பாட்டிலைப் புண்ணில் ஊற்றினால், புழுவோடு சதையும் வேகும். நாய் கத்தும். கடிக்கவும் செய்யும். புழு வைத்த புண்ணை வீட்டில் வைத்துப் பார்க்காமல் இருப்பதே நல்லது. ஆழத்தில் இருக்கும் புழு கண்ணுக்குத் தெரியாது.

உண்ணிக்கு வருவோம். உண்ணியைக் கிள்ளி நசுக்குவார்கள். நெருப்பு வைப்பார்கள். இரண்டும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போட வேண்டும். நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாயை மட்டும் கழுவினால் போதாது. விரிசலைப் பூச வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் போட வேண்டும். எந்தத் தைலத்தையும்விட இது பெரிய மருந்து.

உண்ணி ரத்தத்தில் கிருமியை விட்டுப் போகும். பிறகு காய்ச்சல் வரும். நாய் தின்னாது. ஈறு வெளுத்துவிடும். மூக்கில் ரத்தம் வரும். சில நாய்க்குச் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இந்த நிலையில் எந்தத் தழைச்சாறும் காப்பாற்றாது. ரத்தம் பார்த்து, மருந்து கொடுக்க வேண்டும். ஈறு வெளுத்த நாயை மறுநாள் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது.

வயிற்றுக்குள் கொடுக்கும் மருந்து பற்றிக் கொஞ்சம்.

மாட்டு வைத்தியம் அறிந்தவர்கள் ஊரில் இருப்பார்கள். மடி நோய்க்குக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசுவதைத் தேசியப் பால்வள வாரியமே இப்போது சொல்லித் தருகிறது. நல்ல மருந்து. ஆனால் மாட்டுக்கு ஆவது நாய்க்கு ஆகாது. மாடு உப்பினால் வெங்காயமும் பூண்டும் சேர்த்து அரைத்துக் கொடுப்பார்கள். நாய்க்கு வெங்காயம் நஞ்சு. ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை அது உடைக்கும். பத்துக் கிலோ நாய்க்கு 150 கிராம் வெங்காயமே கேடு செய்யும். வேக வைத்தாலும் போகாது. பூண்டும் அதே இனம். மீந்த சாம்பாரை நாய்க்கு ஊற்றும்போதும் இது நினைவில் இருக்கட்டும். மனிதர் போடும் காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம்.

தழைக்குச் சக்தி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நாம் வெற்றிலையோடு மெல்லும் பாக்கையே பாருங்கள். அதில் அரிக்கோலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நாயின் குடலில் உள்ள நாடாப்புழுவை அது வெளியே தள்ளும். நியூசிலாந்து நாட்டில் ஆட்டுப் பண்ணை நாய்களுக்கெல்லாம் அரசே அந்த மருந்தைக் கொடுத்தது. பிறகு அதைவிடப் பாதுகாப்பான மாத்திரை வந்தது. பாக்கு மருந்தை விட்டுவிட்டார்கள். காரணம், அளவு கொஞ்சம் கூடினால் நாய்க்கு வாந்தியும் வலிப்பும் வரும். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே அவ்வளவு சின்ன இடைவெளி. இன்று பூச்சி மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது. பாக்கை இடித்துக் கொடுக்கத் தேவை இல்லை.

குட்டி நாய் வாந்தி எடுத்து, ரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் பார்வோ என்னும் நோய். 1978 வாக்கில் உலகம் முழுவதும் பரவிய நோய் இது. பழைய வைத்தியத்தில் இதற்கு மருந்து இருக்க வழி இல்லை. அந்தக் காலத்தில் இந்த நோயே இல்லை. மாதுளம் தோல் கஷாயம் கொடுத்துக் காத்திருந்தால் உடம்பில் நீர் வற்றிக் குட்டி போய்விடும். நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டும். ஒன்றரை மாதம் ஆனதும் தடுப்பூசியைத் தொடங்கினால் இந்த நோய் வராமல் காக்கலாம்.

கடைசியாக ஒன்று. இது நாயின் உயிர் பற்றி மட்டும் இல்லை. மருந்து கொடுப்பவர் உயிர் பற்றியது.

நாயின் வாயில் எச்சில் ஒழுகுகிறது. தாடை தொங்குகிறது. குரல் மாறிவிட்டது. தண்ணீர் வைத்தால் விழுங்க முடியவில்லை. வீட்டில் உள்ளவர் என்ன நினைப்பார்? "தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும்" என்பார். பாசத்தோடு வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு சங்கு தழைச்சாறு புகட்டுவார். அது எலும்பு இல்லை. அது வெறிநோயாக இருக்கலாம். வெறி பிடித்த நாய் எல்லாம் ஓடிக் கடிக்காது. சில நாய்கள் சாதுவாக மூலையில் படுத்துக் கிடக்கும். கையில் சின்னக் கீறல் இருந்து, அதில் எச்சில் பட்டாலும் போதும்.

எச்சில் ஒழுகும் நாயின் வாய்க்குள் கை விடக்கூடாது. எந்த மருந்தும் புகட்டக்கூடாது. நாயைத் தனியே அடைத்துவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி பற்றிக் கேட்கலாம். ஏற்கெனவே கை விட்டவர்கள், எச்சில் பட்டவர்கள் அன்றே மனித மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாய் கடித்த இடத்தில் மிளகாய்த் தூள் வைக்கிறார்கள். சுண்ணாம்பு தடவுகிறார்கள். காப்பித் தூள், எண்ணெய், பச்சிலை வைத்துக் கட்டுகிறார்கள். வெறிநோய் தொடங்கிய பிறகு அதற்கு உலகத்தில் எங்கும் நம்பும்படியான மருந்து இல்லை. காட்டிலும் இல்லை. பெரிய மருத்துவமனையிலும் இல்லை. தொடங்கும் முன் தடுக்கலாம். அதற்கு வழி உண்டு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் புண்ணைக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஊசி. ரத்தம் வரும்படி கடித்திருந்தால், ஊசியோடு புண்ணைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள்.

"தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்று பயந்து பச்சிலைக்குப் போனவர்கள் ஏராளம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. கசௌலியில் உண்டாக்கிய பழைய தடுப்பு மருந்தை வயிற்றில் அப்படித்தான் போட்டார்கள். வலியும் அதிகம். 2004ஆம் ஆண்டோடு அதைத் தயாரிப்பதையே நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். நான்கு தடவை போனால் முடிந்தது. அரசு மருத்துவமனையில் காசு இல்லை.

2022, 2023 ஆண்டுகளில் நாடு முழுவதும் ஓர் ஆய்வு எடுத்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேரை விலங்குகள் கடிக்கின்றன. அதில் பெரும்பாலும் நாய்க்கடி. வெறிநோயால் 5,700 பேர் வரை இறக்கிறார்கள் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. இதை மாற்ற முடியும் என்று கோவாவில் செய்து காட்டினார்கள். 2013இல் தொடங்கினார்கள். வளர்ப்பு நாய், தெரு நாய் என்று பார்க்காமல் வலை கொண்டுபோய்ப் பிடித்து ஊசி போட்டார்கள். ஆண்டுக்கு 95,000 நாய்கள். பத்து நாயில் ஏழு நாய்க்கு ஊசி. பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 2019க்குள் நாய்களிடம் வெறிநோய் நூற்றுக்கு 92 பங்கு குறைந்தது. மனிதச் சாவும் நின்றது.

ஆகவே வீட்டு நாய்க்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஒரு தடவை. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை. பல கால்நடை மருந்தகங்களில் செப்டம்பர் 28ஆம் தேதி, வெறிநோய் தடுப்பு நாளில், இலவசமாகப் போடுகிறார்கள்.

ஊசி போட்டதும் ஓர் அட்டை தருவார்கள். அட்டை தொலைந்துபோகும். வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாயின் பெயர், பிறந்த மாதம், ஊசி போட்ட தேதி, அடுத்த ஊசிக்கு உரிய தேதி. பூச்சி மாத்திரை கொடுத்த தேதியையும் எழுதுங்கள். எந்த மருந்தைப் பூசி, என்ன ஆனது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். மருந்தகத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.